ஏடிசி வாங்கும் முன்: 110ஆ, 200எக்ஸா, 250ஆரா?

இன்ஜின் ஓடுகிறது என்ற ஒரே காரணத்துக்காகப் பழைய ஏடிசி (ஹோண்டாவின் மூன்று சக்கரக் காட்டுவண்டி) எதையும் வாங்காதீர்கள். ஓடாத இன்ஜினைப் பிரித்து, சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கி (போர் போட்டு), புது பிஸ்டன் ஏற்றிக் கொடுக்க எந்த ஊரிலும் ஒரு பட்டறை இருக்கும். உடைந்த மட்கார்டு, பல் தேய்ந்த ஆக்சில், விரிசல் விட்ட ஃபிரேம், செத்துப்போன சிடிஐ பெட்டி (பிளக்குக்குத் தீப்பொறி தரும் மின்பெட்டி) ஆகியவற்றுக்குத்தான் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும். அதனால் இங்கே குதிரைத்திறனை விட, எந்த மாடலுக்கு எந்த உதிரிபாகம் கிடைக்கும், எது எளிதில் கெடும் என்பதைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

மூன்று சக்கரம் என்றால் நமக்கு ஆட்டோதான் நினைவுக்கு வரும். ஏடிசி வேறு பிறவி. பலூன் மாதிரி உப்பிய டயர், ஒருவருக்கான இருக்கை, கட்டைவிரலால் தள்ளும் ஆக்சிலரேட்டர். மணல், சேறு, பனிக்காகவே செய்தது. ஆட்டோவின் பின்பக்கத்தில் டிஃபரன்ஷியல் இருப்பதால் திரும்பும்போது இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்றும். ஏடிசியின் பின்பக்கம் ஒரே இரும்புத் தண்டு. இரண்டு சக்கரமும் சேர்ந்தேதான் சுற்றும். எந்த டயர் போடுவது, எப்படி வளைவில் திரும்புவது, ஆக்சில் ஏன் தேய்கிறது என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இந்த ஒற்றைத் தண்டில்தான் இருக்கிறது.

பனிக்காலத்தில் மோட்டார் சைக்கிள் விற்காமல் தவித்த அமெரிக்க டீலர்களுக்காக ஹோண்டா பொறியாளர் ஒசாமு தகேயுச்சி வடிவமைத்த வண்டி இது. 89 சி.சி. இன்ஜினோடு 1970-இல் யூஎஸ்90 என்ற பெயரில் வந்தது. ஏடிசி90 என்ற பெயர் பிறகு ஏற்பட்டது. 1980களின் நடுவில் விற்பனை உச்சத்தைத் தொட்டது, விபத்துகளும் கூடவே ஏறின. 1988 ஏப்ரலில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தோடு ஏற்பட்ட நீதிமன்ற உடன்பாட்டின்படி கம்பெனிகள் புதிய மூன்று சக்கர வண்டிகளை விற்பதை நிறுத்தின. 2008-ஆம் ஆண்டுச் சட்டம் புது விற்பனைக்கும் இறக்குமதிக்கும் கதவைச் சாத்தியது. பழையதை வைத்திருப்பதும் ஓட்டுவதும் குற்றமில்லை. ஆக, சந்தையில் இருப்பவற்றில் ஆக இளையதே 1987 மாடல்தான்.

ஏடிசி 110

1979 முதல் 1985 வரை வந்தது. 105 சி.சி. நான்கு ஸ்ட்ரோக், 4 கியர், தானியங்கி கிளட்ச், கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. சஸ்பென்ஷன் முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. படுத்த சிலிண்டர் கொண்ட இந்த இன்ஜின், ஹோண்டாவின் பழைய சிறு மோட்டார் சைக்கிள்களின் வம்சம். அதனால் பிஸ்டன், ரிங், கேஸ்கெட், கார்புரேட்டர் எல்லாம் இன்றும் மலிவாகக் கிடைக்கும். ஸ்பேனர் பிடித்துப் பழகாதவர் முதன்முதலில் பிரிக்க இதைவிடப் பொறுமையான இன்ஜின் இல்லை.

இதில் நடக்கும் தவறுகள் சிலவே. கியர் போட்டால் வண்டி குதிக்கிறது, அல்லது நியூட்ரல் விழவில்லை என்றால் கிளட்சைப் பிரிக்க அவசரப்பட வேண்டாம். பக்கவாட்டு மூடியில் இருக்கும் லாக் நட்டைத் தளர்த்தி, நடுத் திருகாணியை வலப்பக்கம் ஒரு முழுச் சுற்றுத் திருப்புங்கள். பிறகு லேசான தடை கையில் தெரியும் வரை இடப்பக்கம் திருப்பி, அங்கிருந்து மறுபடி வலப்பக்கம் எட்டில் ஒரு பங்கு முதல் கால் சுற்று வரை கொண்டுவந்து நட்டை இறுக்குங்கள். பத்தில் பல வண்டிகளுக்கு இதுவே போதும். வால்வ் இடைவெளி, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது 0.05 மி.மீ. அந்த ஃபீலர் கேஜ் தாள் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசான தடையோடு இழுபட வேண்டும்.

எல்லாரும் மறக்கும் இடம், வலது மூடிக்கு உள்ளே சுழலும் ஆயில் ஃபில்டர். காகித ஃபில்டர் கிடையாது. சுழற்சி வேகத்தில் அழுக்கு ஓரமாக ஒதுங்கிப் படியும். நாற்பது வருடமாகத் திறக்காத வண்டியில் அது கறுத்த களிமண்ணாய் அடைத்திருக்கும். புது ஆயில் ஊற்றிப் பயனில்லை. மூடியைத் திறந்து சுரண்டி எடுத்த பிறகுதான் ஆயில் மேலே ஏறும்.

இதன் அண்ணன் ஏடிசி90-ஐ வாங்க நினைப்பவருக்கு ஓர் எச்சரிக்கை. 1975-க்கு முந்தைய வண்டிகளில் டயர் மெல்லியது, துணி வலு இல்லாதது. அறுவடை முடிந்த வயலில் நிற்கும் தாள்கட்டையே குத்திக் கிழித்துவிடும் என்று அன்றே பெயர் வாங்கியது. 1975-இல்தான் துணி வலுவேற்றிய டயரும் எஃகு ஹப்பும் வந்தன. பழைய டயரோடு இருக்கும் யூஎஸ்90 கூடத்தில் நிறுத்தி அழகு பார்க்க உகந்தது. ஓட்டுவதற்கு வேண்டாம்.

ஏடிசி 200எக்ஸ்

ஓட்டவும் வேண்டும், புதுப்பிக்கவும் வேண்டும் என்பவருக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான், அதிலும் 1983 முதல் 1985 வரையிலான தலைமுறை. 192 சி.சி. நான்கு ஸ்ட்ரோக், 5 கியர், கையால் பிடிக்கும் கிளட்ச், முன்னால் டெலஸ்கோப்பிக் ஃபோர்க், பின்னால் புரோ-லிங்க் எனும் ஹோண்டாவின் ஒற்றை ஷாக் சஸ்பென்ஷன். 110-இல் இடுப்பு வாங்கும் மேடுபள்ளத்தை இது விழுங்கிவிடும். 250ஆர் மாதிரி கண்மூடித் திறப்பதற்குள் பாய்ந்துபோகாது.

1986, 87-இல் வந்த 200எக்ஸ் பெயரில் மட்டுமே ஒன்று. இன்ஜின், ஃபிரேம், பிளாஸ்டிக் எல்லாமே மாறிவிட்டன. உதிரிபாகம் கேட்கும்போது மாடல் பெயரோடு வருடத்தையும் சொல்லாவிட்டால் தபாலில் வருவது பொருந்தாது. ஃபிரேம் எண்ணைப் பார்த்து வருடத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். மட்கார்டு நிறத்தை நம்பாதீர்கள், அதை எவரும் மாற்றியிருப்பார்.

இதன் நோய் சிலிண்டர் ஹெட்டில் இருக்கிறது. வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்ட் பேரிங் எதுவும் இல்லாமல் நேரடியாக அலுமினியத்தில் சுழல்கிறது. நடுவில் இருப்பது ஆயில் படலம் மட்டுமே. ஆயில் குறைந்த வண்டியைச் சில நிமிடம் முழு வேகத்தில் விரட்டினாலே கேம் உட்காரும் இடம் வரிவரியாகக் கீறிவிடும். பிறகு மேலே ஏறும் ஆயிலின் அழுத்தம் அந்த இடைவெளியிலேயே கசிந்து போக, ராக்கர்களும் தேயும். வாங்கும் முன் வால்வ் மூடிகளைத் திறந்து, கேமை ஸ்க்ரூடிரைவரால் மேலும் கீழும் நெம்பிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும்படி ஆடினால் ஹெட் போய்விட்டது. வேறு ஹெட் தேட வேண்டும், அல்லது நல்ல லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கிப் புஷ் (உலோக வளையம்) வைக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் அந்தத் தொகையைப் பேரத்திலேயே கழித்துக்கொள்ளுங்கள்.

ஹெட் நன்றாக இருந்தால் அது அப்படியே இருக்க, ஆயில் அளக்கும் குச்சியைத் திருகாமல் சும்மா உள்ளே வைத்து அளவு பாருங்கள். திருகி வைத்துப் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். நிறைந்திருக்கிறது என்று நினைத்து ஓட்டியே பல ஹெட்டுகள் நாசமாகியிருக்கின்றன.

ஏடிசி 250ஆர்

எல்லாரும் ஆசைப்படுவது, விலையும் அதற்கேற்ப. 1981 முதல் 86 வரை மூன்று தலைமுறை. 1984 வரை காற்றால் குளிரும் 248 சி.சி. (70 மி.மீ. போர், 64.4 மி.மீ. ஸ்ட்ரோக்), 1985, 86-இல் தண்ணீரால் குளிரும் 246 சி.சி. (66 மி.மீ. போர், 72 மி.மீ. ஸ்ட்ரோக்), 6 கியர். புதுப்பிக்க எடுப்பதென்றால் பின்னதை எடுங்கள். இதே இன்ஜின் குடும்பம் 1989 வரை ஹோண்டாவின் நான்கு சக்கர டிஆர்எக்ஸ்250ஆரில் ஓடியது. பந்தயக்காரர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டதால் பிஸ்டன், கிராங்க், கிளட்ச் எல்லாம் இன்றும் புதிதாகத் தயாராகின்றன. முதல் தலைமுறைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

இரண்டு ஸ்ட்ரோக்கில் பழகாதவர் இதைத் தொடும்முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பிஸ்டன் பிடித்துக்கொண்டு நின்ற இன்ஜினில் பிஸ்டனை மட்டும் மாற்றினால் மறுபடியும் பிடிக்கும். காரணம் பெரும்பாலும் கீழே இருக்கிறது: கிராங்கின் இரண்டு பக்க ஆயில் சீல்களும் வயதாகிக் கல்லாகிவிட்டிருக்கும். இடப்பக்கச் சீல் வழியே வெளிக்காற்று உள்ளே புகுந்தால் பெட்ரோல் கலவை மெலியும், அதோடு ஆயிலும் குறையும், பிஸ்டன் உருகி சிலிண்டரில் ஒட்டும். வலப்பக்கச் சீல் கசிந்தால் கியர் ஆயில் எரிந்து புகைபோக்கியில் வெள்ளைப் புகை கொட்டும்.

ஆகவே இன்ஜினைப் பூட்டியதும், ஸ்டார்ட் செய்யும் முன், காற்றடைத்துச் சோதிப்பது கட்டாயம். எக்ஸாஸ்ட் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் அடைப்பால் மூடி, பிளக் துளை வழியே 6 பி.எஸ்.ஐ. காற்றை ஏற்றுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலும் பிதுங்கும். 6 நிமிடம் நிற்க வேண்டும். நிமிடத்துக்கு 1 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கினால் சோப்பு நுரை தடவி எங்கே குமிழி வருகிறது என்று பாருங்கள். ஹெட், சிலிண்டர் அடி, ரீட் வால்வ் பெட்டி, சீல்கள் என்று வரிசையாக. இந்தச் சோதனைக் கருவியைத் தண்ணீர்க் குழாய்க் கடையில் வாங்கிய சாமான்களை வைத்தே செய்யலாம்.

சிலிண்டரை அளக்காமல் வாங்காதீர்கள். உள்ளே இருப்பது இரும்பு ஸ்லீவ் (உள்ளுறை), எனவே ரீபோர் போடலாம். ஆனால் அதற்கும் எல்லை உண்டு. பிஸ்டன் தலையில் அளவு பொறித்திருக்கும். 66.00-க்கு அருகே என்றால் இன்னும் சில முறை போர் போட இடமிருக்கிறது. ஏற்கெனவே ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டதென்றால் புது ஸ்லீவுக்குக் காசு ஒதுக்குங்கள். கியர் ஆயிலைக் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். மோர் மாதிரி வெளுத்திருந்தால் வாட்டர் பம்ப் சீல் போய்த் தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம். கியர்பாக்ஸ் பேரிங்குகளையும் அதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

பெட்ரோலில் ஆயில் கலக்கும் விகிதம், இன்றைய நல்ல ஆயிலுக்கு 32-க்கு 1 பலரும் பின்பற்றுவது. 5 லிட்டர் பெட்ரோலுக்கு 156 மி.லி. கண்ணளவில் ஊற்றுவதும் குடிதண்ணீர் பாட்டில் மூடியால் அளப்பதும் இங்கே செல்லாது. இன்னொன்று: ஆயிலைக் கூட்டினால் அந்த அளவுக்குப் பெட்ரோல் குறைகிறது, கலவை மெலிகிறது. விகிதத்தை மாற்றினால் கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டையும் மறுபடி பார்க்க வேண்டும்.

மற்றவை, சுருக்கமாக

பிக் ரெட் 250இஎஸ் (1985–87) வேலைக்காரன். முன்னும் பின்னும் சாமான் தாங்கி, செல்ஃப் ஸ்டார்ட், ரிவர்ஸ் கியர், செயினுக்குப் பதில் ஷாஃப்ட் டிரைவ். தோட்டத்தில் விறகு இழுக்க இதை வெல்ல ஆளில்லை. கனம் அதிகம், மணல்மேட்டில் விளையாட வராது.

350எக்ஸ் (1985–86) நான்கு வால்வ் கொண்ட பெரிய நான்கு ஸ்ட்ரோக். சத்தமும் இழுவையும் மயக்கும். கிக்கர் மட்டும்தான், சரியான இடத்துக்குப் பிஸ்டனைக் கொண்டுவந்து மிதிக்கப் பழகாதவரின் கெண்டைக்காலை அது மன்னிக்காது.

யமஹா டிரை-இசட்டும் கவாசாகி டெகேட்டும் 250ஆருக்கு நேர்ப் போட்டியாக வந்த இரண்டு ஸ்ட்ரோக்குகள். ஓட்ட அருமையானவை. ஆனால் ஹோண்டாவோடு ஒப்பிட்டால் எண்ணிக்கை குறைவு, பிளாஸ்டிக்கும் மின்சாதனங்களும் தேடித் தேடித்தான் எடுக்க வேண்டும். கழற்றிப்போட்ட பெட்டிகளாக யாராவது விற்றால், எவ்வளவு மலிவானாலும் நகர்ந்துவிடுங்கள். முழு வண்டியாக, எல்லா உறுப்பும் இருக்கிற நிலையில் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

எந்த மாடலானாலும் வாங்கும் இடத்தில் பார்க்க வேண்டியவை

பின்பக்கத்தை முட்டுக்கொடுத்துத் தூக்குங்கள். ஒரு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் எங்கே என்று கவனியுங்கள். ஹப் மட்டும் ஆக்சில் மேல் ஆடுகிறதா? பல் தேய்ந்திருக்கிறது. மேலே நட்டை எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, ஆக்சிலும் ஹப்பும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஆக்சிலும் சேர்ந்து ஆடுகிறதா? பேரிங் மட்டும் என்றால் மலிவு. பேரிங் உட்காரும் கூடே தேய்ந்திருந்தால் இல்லை. அடுத்து சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஸ்விங் ஆர்மில் (ஆக்சிலைத் தாங்கும் பின்கை) ஒரு ஸ்க்ரூடிரைவரை ஊன்றி அதன் நுனியை ஆக்சில் அருகே காட்டுங்கள். இடைவெளி கூடிக் குறைந்தால் தண்டு வளைந்திருக்கிறது. குதித்து விளையாடிய வண்டிகளில் இது சகஜம்.

ஃபிரேமில் ஹேண்டில்பார் தலைப்பகுதி, கால்மிதி பற்றவைத்த இடம், ஸ்விங் ஆர்ம் மாட்டும் இடம் ஆகியவற்றைத் துணியால் துடைத்து டார்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட்டில் முடி போல ஓடும் துருக்கோடுதான் விரிசல். புதிதாகப் பெயின்ட் அடித்த ஃபிரேமைப் பழைய பெயின்ட் ஃபிரேமை விடக் கூடுதல் சந்தேகத்தோடு பாருங்கள். 110-இல் சஸ்பென்ஷன் இல்லாததால் ஒவ்வோர் அடியும் நேரே ஃபிரேமுக்குத்தான் போகிறது என்பதையும் மறக்க வேண்டாம்.

டயர்: 200எக்ஸ், 250ஆர், 350எக்ஸ் மூன்றுக்கும் முன்டயர் 23.5க்கு 8, 11 அங்குல ரிம். இந்த அளவில் இன்று தேர்வு மிகக் குறைவு. முன்டயர் நல்ல நிலையில் இருந்தால் அதுவே பேரத்தில் ஒரு காரணம். பின்டயர் இரண்டையும் ஒரே கம்பெனி, ஒரே வகையாக வாங்கி, காற்றடித்த பின் டேப்பால் சுற்றளவை அளந்துகொள்ளுங்கள். ஒற்றைத் தண்டு என்பதால் சுற்றளவு வேறுபட்டால் வண்டி நேராகப் போகாமல் ஒரு பக்கம் இழுக்கும். பெரிய டயரில் காற்றைச் சற்றுக் குறைத்துச் சமன் செய்யலாம். 110-க்குக் காற்று வெறும் 2.2 பி.எஸ்.ஐ. கார் டயருக்கான கேஜில் அந்த எண்ணே தெரியாது. குறைந்த அழுத்தக் கேஜ் தனியாக வாங்க வேண்டும். பெட்ரோல் பங்க் குழாயை வைத்து அடித்தால் டயர் பந்தாகி, மேட்டுக்கு மேடு ஆளைத் தூக்கிப் போடும்.

காட்சிக்கா, ஓட்டத்துக்கா?

இதை முதலிலேயே முடிவு செய்யாதவரின் பணம்தான் அதிகம் கரையும். காட்சிக்கு என்றால் தொழிற்சாலைப் பிளாஸ்டிக், அசல் போல்ட், அசல் ஸ்டிக்கர் என்று ஒவ்வொன்றும் விலை வைக்கும். ஓட்டத்துக்கு என்றால் கலிஃபோர்னியாவின் மையர் போன்ற நிறுவனங்கள் வார்க்கும் புது மட்கார்டு போதும். நிறம் கொஞ்சம் வேறுபடும், துளைகளை நீங்களே போட வேண்டியிருக்கும். கிளையில் மாட்டிக் கிழிந்தால் நெஞ்சு வலிக்காது.

ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங் உறுதியானது. ஆனால் அனுப்பும் முன் பேரிங் கூடுகள், இன்ஜின் மாட்டும் துளைகள், மரைகள், ஃபிரேம் எண் எல்லாவற்றையும் மறைத்துக் கொடுங்கள். மணல் அடித்துச் சுத்தம் செய்தவர் உள்ளே தங்கிய மணலை ஊதி எடுத்தாரா என்பதையும் பாருங்கள். ஸ்விங் ஆர்ம் குழாயில் மிஞ்சிய மணல் புது பேரிங்கைத் தின்றுவிடும். இரும்புப் பெட்ரோல் தொட்டியில் துரு இருந்தால் வெள்ளை வினிகரை நிரப்பி ஓரிரு நாள் விட்டு, கொட்டி, சமையல் சோடாக் கரைசலால் அலசி, உடனே சூடான காற்றில் உலர்த்தி, உள்ளே இரண்டு ஸ்ட்ரோக் ஆயிலைச் சுழற்றிவிடுங்கள். உலர்த்துவதை மறுநாளைக்கு ஒத்திப்போட்டால் காலையில் மறுபடி செம்மண் நிறம்.

ஓட்டம் தேர்வை எப்படி மாற்றுகிறது

மோட்டார் சைக்கிள் பழக்கத்தில் வளைவில் காலைத் தரையில் ஊன்றுகிறவர் ஏடிசியில் அதை முதலில் மறக்க வேண்டும். ஊன்றிய காலைப் பின்சக்கரம் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்ளும். திரும்பும்போது உடம்பை வளைவின் உட்பக்கம் சாய்த்து, எடையை வெளிப்பக்கக் கால்மிதியில் அழுத்துங்கள். உட்பக்கச் சக்கரத்தின் மேல் பாரம் குறைந்து அது வழுக்கினால்தான் ஒற்றைத் தண்டு வண்டி திரும்பும். சும்மா ஹேண்டில்பாரைத் திருப்பினால் முன்சக்கரம் மணலை உழுதுகொண்டு நேராகவே போகும். மேட்டில் ஏறும்போது முன்னால் சாயுங்கள். பாதியில் கிளட்சை விட்டு வேகம் கொடுத்தால் வண்டி பின்னோக்கிக் கவிழ்ந்து மேலே விழும். சரிவில் குறுக்காக ஓட்டவே ஓட்டாதீர்கள்.

இந்தப் பழக்கம் கைகூட 110 நல்ல வாத்தியார்: மெதுவானது. 200எக்ஸில் அது உறுதிப்படும். நேரே 250ஆரில் ஏறுகிறவருக்குப் படிக்க அவகாசம் இருக்காது.

எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்பதும் கணக்கில் வரும். கலிஃபோர்னியாவின் இம்பீரியல் மணல்மேடுகளில் தரையிலிருந்து 8 அடி உயரத்தில் கொடி பறக்க வேண்டும். அந்த மாநிலத்தில் 1986-க்கு முன் தயாரான வண்டிக்கு 101 டெசிபெல் சத்தம் வரை அனுமதி, அதற்குப் பின் வந்தவற்றுக்கு 96 தான். யாரோ மாட்டிய திறந்த பைப்போடு வரும் 1986 மாடல் 250ஆர் அங்கே வாசலிலேயே திரும்பிவிடலாம். அரசு வனநிலங்களில் தீப்பொறி தடுப்பான் இல்லாத சைலன்சரும் செல்லாது. விற்பவரிடம் அசல் சைலன்சர் கொட்டகையில் கிடக்கிறதா என்று கேளுங்கள்; பெரும்பாலும் கிடக்கும், சும்மாவே கொடுத்துவிடுவார்.